நீலச் சுடிதாரில் நின்றவள்

முன்னறைச் சுவரில் தொங்கும் அந்தப் படத்தில், யசோதினியின் தலைக்குக் கீழே இருப்பது அவளுடைய தங்கை நிரோஜினியின் உடம்பு. இது வீட்டில் பெரியவர்கள் மூன்று பேருக்கும் தெரியும். யசோதினியின் மகள் தக்ஷாயினிக்கு மட்டும் தெரியாது. அவளுக்கு ஒன்பது வயது.

படம் எடுத்தபோது நான்கு. மட்டக்களப்பு வாவிக்கரையில் புதிதாகத் திறந்திருந்த விளையாட்டுப் பூங்காவில், ராட்டினத்துக்கு முன்னால், தகப்பன் உதயரூபன் ஒரு பக்கம் விறைத்துப்போய் நிற்கிறான். பக்கத்தில் நீலச் சுடிதாரும் மஞ்சள் சால்வையுமாக ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறாள். அவளுடைய உடம்பு முழுக்கச் சிரிக்கிறது. தலை சிரிக்கவில்லை. அது குவைத்துக்குப் போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படத்தின் தலை. இரண்டு காதும் தெரிய, யாரோ ஓர் அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததுபோல நேராகப் பார்க்கிறது.

தலையை மாற்றச் சொன்னது வேறு யாருமில்லை, நிரோஜினிதான்.

முன்பள்ளியில் சுவரில் ஒட்டுவதற்கு எல்லாப் பிள்ளைகளிடமும் குடும்பப் படம் கேட்டிருந்தார்கள். அம்மா இல்லாத படத்தைக் கொண்டுபோகமாட்டேன் என்று தக்ஷி இரண்டு நாள் அழுதாள். "நீயும் நானும் புள்ளையும் நிக்கிற படத்தக் குடுத்தா சனம் என்ன கதைக்கும் எண்டு தெரியுந்தானே," என்று உதயரூபன் தன் பங்குக்குச் சொன்னான். அதில் பிழை சொல்லவும் முடியாது. பெண்சாதி வெளிநாட்டில் இருக்க, கல்யாணமாகாத மச்சாள் அவனுக்குப் பக்கத்தில் பிள்ளையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அவர்களுடைய ஊரான உன்னிச்சையில் ஒரு கிழமைக்குள் எத்தனை வாய்க்குள் புகுந்து வெளியே வரும் என்று அவளுக்கும் தெரியும். வீடும் அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. தாய் தகப்பன் போனபிறகு அவள் அங்கே இருப்பதே பிள்ளையைப் பார்ப்பதற்காகத்தான்.

வெளிநாட்டில் இருக்கும் தாயைக் குடும்பப் படத்துக்குள் கொண்டுவருவது டவுன் ஸ்டூடியோக்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. வேறு படத்திலிருந்து ஆளை முழுசாக வெட்டி எடுத்து ஓரத்தில் நிறுத்துவார்கள். அக்காவின் முழுப் படம் நிரோஜினியின் கையில் இருக்கவில்லை.

"தலை மட்டுந்தானே? கால் மணித்தியாலம் இரிங்க தங்கச்சி," என்றான் ஸ்டூடியோப் பெடியன்.

கணினித் திரையில் அவளுடைய முகம் வட்டமாக வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை கிடந்த நிமிடத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்தாறு வயது அவளுக்கு. அது ஒரு பகிடி. ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்த ஒரு கடதாசி.

பகிடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படத்தைச் சுவரில் மாட்டிய பிறகு, சோறு தீத்தும்போதெல்லாம் அவள்தான் பிள்ளையை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "பாரு, அம்மா உன்ன எப்பிடித் தூக்கி வெச்சிரிக்கா. ராட்டினத்தில நீ பயந்தப்போ அம்மா உன்ன எப்பிடிக் கட்டிப் பிடிச்சா." ஒரு வாய்க்கு ஒரு வரி. ஆறு வருடம் கழித்து வரப்போகிறவளைப் பிள்ளை அந்நியமாகப் பார்க்கக்கூடாது என்பதற்காகச் செய்தது. பலித்தது. மூன்று மாதத்துக்கு முன்பு விமான நிலையத்தில் யசோதினி தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது தக்ஷி ஒரு நொடிகூடத் தயங்காமல் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டாள். பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். நிரோஜினியும் அழுதாள், சந்தோசத்தில்தான். பிறகு வந்த நாட்களில் அந்தச் சந்தோசம் அவளுக்குள்ளே எங்கே போயிற்று என்று அவள் தேடவில்லை. தேடினால் வேறு என்ன கையில் தட்டுப்படும் என்று பயமாக இருந்தது.

அந்தப் பூங்காவுக்கே திரும்பப் போகவேண்டும் என்று கேட்டது யசோதினி.

"எல்லாரும் போவம். நானும் பாக்கத்தானே வேணும்," என்றாள். 'நானும்' என்று அவள் சொன்னது நிரோஜினிக்குக் கேட்டது, தக்ஷிக்குக் கேட்கவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறை. காலையிலேயே ஓட்டோ பிடித்து, வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வந்துசேர்ந்தபோது வாசலிலேயே சனம். உதயரூபன் ரிக்கட் எடுத்துக்கொண்டு வந்தான். சோத்துப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் மாற்று உடுப்பு எல்லாம் இருந்த பை கேட்பாரில்லாமல் நிரோஜினியின் தோளுக்கு வந்தது.

ராட்டினத்துக்குக் கீழே வந்ததும் தக்ஷி துள்ளினாள்.

"இவடத்ததான் அம்மா! இவடத்தத்தான் நாம நிண்ட. ஞாபகம் இரிக்கா?"

யசோதினி மேலே சுற்றும் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "ஓம் மகள். ஞாபகம் இரிக்கி," என்றாள்.

நிரோஜினி அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு இந்த இடத்தில் நின்ற மனிதன் அவன். அவன் கையில் இருந்த ரிக்கட்டின் பின்பக்கத்தை, அங்கே ஏதோ முக்கியமாக அச்சடித்திருப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தான்.

"மேல போனதும் நான் கத்தினன். நீங்க சால்வையால என்ட கண்ண மூடினீங்க. மறுகா நான் உங்கட உடுப்பிலயே சத்தி எடுத்துட்டன்," என்று தக்ஷி கெக்கட்டம் போட்டுச் சிரித்தாள். "நீங்க ஏசவே இல்ல அம்மா. என்ட முதுகத் தடவினீங்க."

"சின்னப்புள்ளதானே நீ. அதுக்கு ஏசுவாங்களா?" என்றாள் யசோதினி.

"சின்னம்மா எண்டா ஏசியிருப்பா." தக்ஷி திரும்பி நிரோஜினியைப் பார்த்துப் பழித்தாள். "சின்னம்மா அண்டைக்கு எனக்கு அடிச்சவ. அந்தா, போட் நிக்கிற இடத்தில. பளார் எண்டு. அம்மாதான் ஓடிவந்து தூக்கினவ. என்ன சின்னம்மா, பொய்யா?"

பகிடியாகத்தான் கேட்டாள். அதில் குரோதம் ஒரு துளியும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். உதயரூபனும் சிரித்தான்.

நிரோஜினியின் காதுக்குள் சூடாக ஏதோ இரைந்தது.

அடித்தது உண்மை. அன்றைக்கு உதயரூபன் ரிக்கட் வரிசையில் நிற்க, அவள் ரோல்ஸ் வாங்கத் திரும்பிய நேரத்தில் பிள்ளை கையை உருவிக்கொண்டு போய்விட்டது. சனத்துக்குள்ளே பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி, கடைசியில் படகுகள் கட்டியிருந்த பலகையின் நுனியில் கண்டாள். வாவித் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டு, ஒரு காலை முன்னுக்கு வைத்தபடி நின்றது. பிடித்து இழுத்து அடித்தாள். ஒரே அடி. கன்னத்தில் விரல் பதிந்தது. அடித்த அதே கையால் தூக்கி, தண்ணீர் தெரியாத இடம் வரைக்கும் ஓடினாள். அழுத பிள்ளையை ஆற்றத்தான் ராட்டினம். ராட்டினத்தில் வாந்தி. குழாயடியில் சுடிதாரைக் கழுவி, ஈரத்தோடேயே படத்துக்கு நின்று, ஈரத்தோடேயே உன்னிச்சை வரைக்கும் வந்தாள்.

அந்த ஒரு நாளைப் பிள்ளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாள். தூக்கினது, தடவினது, கண்ணை மூடினது எல்லாம் அம்மாவுக்கு. அடி மட்டும் சின்னம்மாவுக்கு.

அன்றைய நாள் மட்டுமா என்று நினைத்ததும் கோபம் இன்னும் பெரிதாகிற்று. காய்ச்சலில் ஈரத்துணி வைத்த கை யாருடையதாக அவளுக்குள் இருக்கும்? வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஏசினவள் யாரென்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும். ஆறு வருடத்தையும் இப்படித்தான் பிரித்துக்கொண்டு போகப்போகிறாளா? அதற்கு உதவியது யார்? சோற்றோடு சேர்த்துத் தீத்தியது யார்? இந்த இடத்துக்கு வந்ததும் கோபம் போக வழி தெரியாமல் நின்றது. பிள்ளைமீது கோபிக்க முடியாது. தன்மீது கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அக்கா பக்கத்தில் நின்றாள். 'ஞாபகம் இரிக்கி' என்று சொன்ன வாயோடு நின்றாள்.

"நிரோ, நீ பேக்க வெச்சுக்கொண்டு இரி. நாங்க ஒருக்கா ஏறிட்டு வாறம்," என்றான் உதயரூபன்.

"வெச்சுக்கொண்டுதானே இரிக்கன்," என்றாள். அவள் குரலில் இருந்தது அவனுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் போனான்.

அவர்கள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார்கள். யசோதினியின் முகம் வெளுத்திருந்தது. உயரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தக்ஷி மூஞ்சையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா என்னப் பிடிக்கவே இல்ல. கம்பியத்தான் பிடிச்சுட்டு இருந்தா. அண்டைக்கு மாதிரி இல்ல."

"எனக்குத் தலை சுத்திச்சு மகள்."

"அண்டைக்குச் சுத்தலதானே?"

"அண்டைக்கு... வயசு கொறவுதானே," என்றாள் யசோதினி.

மரத்துக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்தார்கள். நிரோஜினி பார்சல்களை எடுத்து வைத்தாள். விடிய நான்கு மணிக்கு எழும்பி அவள் பொரித்த விரால், அவள் அவித்த சோறு. தக்ஷி தகப்பனிடம் ஐஸ்கிறீம் கேட்டு அடம்பிடித்தாள். சாப்பிட்டபிறகுதான் என்றாலும் கேட்காமல், அவனை இழுத்துக்கொண்டு கடைப் பக்கம் போனாள்.

"வயசு கொறவு," என்றாள் நிரோஜினி, பார்சலைப் பிரித்துக்கொண்டே. "நல்லாச் சொன்னீங்க."

யசோதினி நிமிர்ந்தாள். "என்ன நிரோ?"

"ஞாபகம் இரிக்கி எண்டீங்களே. எது ஞாபகம் இரிக்கி? சத்தி மணமா? ஈர உடுப்போட ஓட்டோவில குளிர்ல நடுங்கினதா?"

"நிரோ, சின்னப்புள்ள ஆசையாக் கேக்குது. நான் என்ன சொல்ல?"

"இல்ல எண்டு சொல்ல ஏலாதா? 'நான் இல்ல மகள், அது உன்ட சின்னம்மா' எண்டு சொன்னா வாய் வெந்திருமா?"

"மெதுவாப் பேசு. சனம் பாக்குது."

"பாக்கட்டும்! நான் அடிச்சதாம், நீ தூக்கினதாம். கேட்டுச் சிரிச்சாய்தானே? அவரும் சிரிச்சார். வாயத் துறந்து ஒரு சொல்லுச் சொல்லல்ல." பிறந்த நாளிலிருந்து அக்காவை நீங்கள் என்றே கூப்பிட்டு வளர்ந்தவள், நீ என்று சொன்னதை இருவரும் கவனித்தார்கள். நிரோஜினி அதைத் திருத்தவில்லை. "உடம்பு என்ட. கை என்ட. புள்ள சாய்ஞ்சிரிந்த தோள் என்ட. உனக்குத் தலை மட்டுந்தான் அங்க."

யசோதினி கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வாழையிலையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அதிலும் அதே சூடு இருந்தது. "உன்ட உடம்ப எனக்குத் தெரியாதா? நீதானே அத அனுப்பினாய். 'அக்கா, படத்தப் பாருங்க, எவ்வளவு வடிவா இரிக்கி' எண்டு. நான் கேட்டனா? என்ட புள்ளைய இன்னொருத்தி தூக்கி வெச்சிரிக்க, அதுக்கு மேல என்ட தலைய வெச்சு எனக்கே அனுப்பினாய். போன்ல அந்தப் படம் வந்த அண்டைக்கு நான் பாத்றூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டு, என்ட தலைய விரலால மறைச்சுட்டு உன்னத்தான் பாத்தன். உன்ட கை அவள்ட வயித்தில இருந்திச்சு. அஞ்சு வருசம் பாத்தன். ஒவ்வொரு நாளும் எரிச்சல். உனக்கு மட்டுந்தான் கோவம் வரும் எண்டு நினைச்சியா?"

"அப்ப ஏன் இண்டைக்குப் பொய் சொன்னாய்?"

"அவள் என்னட்ட ஓடிவந்தது அந்தப் படத்துக்காகத்தான். என்னத் தெரிஞ்சு வரல்ல. அதையும் இல்ல எண்டு சொல்லிட்டா மறுகா என்னட்ட என்ன இரிக்கி? சொல்லு, என்ன இரிக்கி?"

நிரோஜினி சொல்ல இருந்தவற்றில் ஒன்று அக்காவை வெட்டும், மற்றது தன்னையே வெட்டும். இருந்தாலும் கோபம் தணியவில்லை. அக்கா சொன்னது நியாயமாக இருந்ததனாலேயே அது இன்னும் ஏறியது. ஒருத்தி அழுதால் மற்றவள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இந்தப் பழக்கத்தில்தானே அவளுடைய முகம் முதலில் போனது? பிள்ளை அழுதது, முகம் போயிற்று. இப்போது அக்காவின் கண் கலங்குகிறது, இன்னும் என்ன போகவேண்டும்?

"உன்னட்ட என்ன இரிக்கி எண்டு எனக்குத் தெரியா," என்றாள். "ஆனா என்னட்ட இருக்கிறத எடுத்துத்தான் நீ புள்ளைக்குத் தாயா இரிக்கவேணும் எண்டா நான் தரமாட்டன். அண்டைக்கு அவளத் தூக்கினது நான். அத நான் தரமாட்டன்!"

கடைசி வார்த்தை சத்தமாகவே வந்தது. பக்கத்துப் பாயில் பிரியாணி தின்றுகொண்டிருந்த காத்தான்குடிக் குடும்பம் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. நிரோஜினி அவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கு அந்தப் பக்கத்தில், இரண்டு கையிலும் ஐஸ்கிறீமோடு தக்ஷி நின்றாள். பின்னால் உதயரூபன்.

"ஆரத் தூக்கினது?" என்று கேட்டாள் தக்ஷி.

"ஒண்டுமில்ல மகள். வா, இரி, சாப்பிடு," என்றான் உதயரூபன் அவசரமாக. "இஞ்சே, சாப்பாட்டு நேரத்தில என்ன இது? விடு நிரோ."

"அத்தான், நீங்க அங்க நிண்டவர்," என்றாள் நிரோஜினி. "சொல்லுங்க. அண்டைக்கு அக்கா இவடத்த இருந்தாவா?"

அவன் பாயின் ஓரத்தைக் காலால் சரிசெய்தான்.

யசோதினிதான் சொன்னாள். "நான் வரல்ல மகள். அந்த நேரம் நான் குவைத்தில. அது சின்னம்மா. என்ட தலைய வெட்டி ஒட்டினது."

தக்ஷி சிரிக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஐஸ்கிறீம் உருகி அவளுடைய மணிக்கட்டில் வழிந்தது.

"பொய். எனக்கு ஞாபகம் இரிக்கி."

"என்ன ஞாபகம் இரிக்கி?" என்றாள் நிரோஜினி.

"அம்மாட மூஞ்சி."

"படத்தில பாத்த மூஞ்சி அது. நான் சோறு தீத்தக்குள்ள காட்டினது."

பிள்ளை தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். பிறகு ஒரு கை ஐஸ்கிறீமை அப்படியே புல்லில் போட்டாள். "ஆரு வெட்டச் சொன்ன?"

நிரோஜினி ஒரு கணம் யாராவது வேறு பெயரைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தாள். "நான்தான்," என்றாள்.

"ஏன்?"

"நீ அழுதாய். அம்மா இல்லாத படம் வேணாம் எண்டு."

"நான் சின்னப்புள்ள!" தக்ஷி காலால் தரையை உதைத்தாள். "எனக்கு நாலு வயசு. நீங்க பெரியாக்கள்தானே! நான் அழுதா நீங்க எல்லாரும் சேந்து பொய் சொல்லுவீங்களா?" பிறகு நிரோஜினியையே குறிவைத்துக் கேட்டாள்: "உங்கட தலைய நீங்களே வெட்டச் சொல்லிட்டு இப்ப ஏன் அம்மாவ ஏசுறீங்க?"

காலையிலிருந்து அத்தானையும் அக்காவையும் சுற்றிக்கொண்டிருந்த கோபத்துக்கு முன்னால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்து நின்றது. அது நியாயமான கோபம். அதற்கு ஒன்பது வயது.

"மற்றப் படம் எங்க?" என்றாள் தக்ஷி. "நீங்க நிக்கிறது. காட்டுங்க."

"இல்ல."

"ஏன் இல்ல?"

"ஸ்டூடியோவில அழிக்கவா எண்டு கேட்டான். எனக்கு என்னத்துக்கு, அழி எண்டன்."

இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. யசோதினி சட்டெனத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

"அப்ப நான் எப்பிடி நம்புற?" என்றாள் பிள்ளை. "அம்மா சொன்னத நம்பினன். அதுவும் பொய். நீங்க சொல்லுறது பொய்யில்ல எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நிரோஜினியிடம் காட்ட ஒன்றும் இல்லை. நீலச் சுடிதார் எப்போதோ கிழிந்து அடுப்படித் துணியாகிவிட்டது. அத்தான் வாய் திறக்கமாட்டான். ஆறு வருடத்தில் பிள்ளை தன்னுடையதென்று சந்தேகமில்லாமல் அவளிடம் விட்டு வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"நான் அடிச்சது ஞாபகம் இரிக்கா?"

தக்ஷி யோசித்தாள். கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போயிற்று. "இரிக்கி."

"அத ஆரும் காட்டித் தந்ததா? படத்தில கிடந்ததா?"

"இல்ல."

"அப்ப அது உண்மைதானே?"

"ஓம்."

"அங்க இருந்து சொல்லுறன். கேளு. நான் கத்திக்கொண்டு ஓடிவந்தன். நீ பலகையில ஒரு கால வெளிய வெச்சிட்டு நிண்டாய். இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா வாவிக்குள்ள. இந்தக் கையாலதான் அடிச்சன். விரல் அஞ்சும் பதிஞ்சிச்சு. அடிச்சுட்டு இந்தக் கையாலதான் தூக்கினன். வேற ஆரும் ஓடிவரல்ல தக்ஷி. வேற ஆளே இருக்கல்ல. அடிச்சவளும் நான்தான், தூக்கினவளும் நான்தான்!"

உதயரூபன் சுற்றும்முற்றும் பார்த்தான். யசோதினி எழுந்து மகளின் பக்கம் வந்து, தொடாமல், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள். தங்கை சொல்வதை அவளும் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

தக்ஷி யாரிடமும் போகவில்லை. மிச்சமிருந்த ஐஸ்கிறீமை நக்காமல் பிடித்தபடி, பாய்க்கு வெளியே நின்றாள்.

"மறுகா?" என்றாள்.

"மறுகா நீ அழுதாய். நான் உன்ன விட அழுதன்."

"கத்தாமச் சொல்லுங்க."

நிரோஜினியால் கத்தாமல் சொல்ல முடியவில்லை. கத்தியே சொன்னாள்.